விரல் வியர்வையை வைத்துப் பகுத்தறியும் திறனை அளக்க முடியுமா?

மருதம்:

வணக்கம். முதுகலை உளவியல் ஆய்வேட்டுக்காக ஒரு சோதனையைத் திட்டமிடுகிறேன். 40 கல்லூரி மாணவர்கள். ரேவன் அட்வான்ஸ்டு மேட்ரிசஸ் (வடிவ வரிசையில் விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்கும் பகுத்தறிவுச் சோதனை) இரண்டாம் தொகுப்பு, 36 வினாக்கள், 40 நிமிடம். அதை எழுதும்போதே இடக்கை விரல்களில் ஜிஎஸ்ஆர் சென்சார் (வியர்வையால் தோல் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று காட்டுவது; ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் இணைப்பது, வெல்க்ரோ பட்டையில் உலோகத் தகடு வைத்தது), மணிக்கட்டில் நாடித்துடிப்பு காட்டும் வாட்ச்.

கருதுகோள் இது: அதிக மதிப்பெண் எடுப்பவர்களுக்கு மூளை உழைப்பு குறைவு, ஆகவே தோல் மின்கடத்தல் குறைவாக ஏறும்.

மூன்று சந்தேகங்கள். இதற்கு முன்னோடி ஆதாரம் உண்டா? இந்தக் கருவிகள் போதுமா? பதற்றத்தால் மதிப்பெண் குறைந்தவரையும் திறனே குறைந்தவரையும் எப்படிப் பிரித்தறிவது?

---

கார்த்திகைப்பூ:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன்.

உள்ளங்கையிலும் விரலிலும் உள்ள எக்ரைன் வியர்வைச் சுரப்பிகளுக்கு, உடலைக் கிளர்த்தும் பரிவு நரம்பு மட்டுமே போகிறது; அமைதிப்படுத்தும் எதிர்ப்பரிவு நரம்பு போவதில்லை. அதனால் தோல் மின்கடத்தல் பரிவு மண்டலத்தைக் கலப்பில்லாமல் காட்டும். ஆனால் அந்த நரம்பு ஏன் கிளர்ந்தது என்பதைக் காட்டாது. வினா கடினமாக இருந்தாலும் ஏறும், பயந்தாலும் ஏறும், யாரோ கதவைச் சாத்தினாலும் ஏறும்.

உங்கள் கருதுகோளுக்குப் பக்கத்தில் வரும் ஆதாரம் வியர்வையில் அல்ல, கண்பாவையில் இருக்கிறது. 1964-இல் ஹெஸ், போல்ட் இருவரும் ஐந்து பேரை மனக்கணக்காகப் பெருக்கச் சொல்லிக் கண்பாவையைப் படமெடுத்தார்கள். 7 × 8-க்குக் கொஞ்சம் விரிந்தது, 16 × 23-க்கு நிறைய விரிந்தது. விடை சொன்னதும் சுருங்கியது. 1966-இல் கானமனும் பீட்டியும் இலக்கங்களை நினைவில் வைக்கச் சொன்னபோது ஒவ்வோர் இலக்கம் கூடக் கூடப் பாவை விரிந்தது, திருப்பிச் சொல்லச் சொல்லச் சுருங்கியது. இந்தக் கண்டுபிடிப்புகளெல்லாம் ஒரே ஆளுக்குள் நிகழும் ஏற்ற இறக்கம். அதில் ஐயமே இல்லை.

ஆளுக்கு ஆள் ஒப்பிடத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. 1979-இல் அஹெர்னும் பீட்டியும் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்ஏடியில் அதிக மதிப்பெண் பெற்றவர்களுக்கு அதே பெருக்கல் கணக்கில் பாவை குறைவாக விரிவதைக் கண்டார்கள். இது உங்கள் பக்கம். 2010-இல் வான் டெர் மீர் குழு வடிவ ஒப்புமைக் கணக்குகள் கொடுத்தது. கடினமானவற்றில் திறன் மிக்கவர்களுக்குத்தான் பாவை அதிகம் விரிந்தது. இது நேர் எதிர்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும் என்றே நினைக்கிறேன். எளிய வினாவில் வல்லவருக்கு உழைப்பு தேவையில்லை. கடின வினாவில் வல்லவர் விடாமல் உழைக்கிறார். மற்றவர் பாதியில் கைவிட்டு ஏதோ ஒன்றைக் குறித்துவிடுகிறார், உடலும் தளர்ந்துவிடுகிறது. ஆக, உடல் காட்டுவது அந்த நொடியில் போடப்படும் உழைப்பை. திறன் அதற்குள் மறைமுகமாகத்தான் இருக்கிறது, அதுவும் வினாவின் கடினத்தைப் பொறுத்துத் திசையே மாறுகிறது. 36 வினாக்களையும் கூட்டி ஒரே சராசரி எடுத்தால் இரண்டு திசைகளும் ஒன்றையொன்று தின்றுவிடும்.

இன்னொரு பெரிய ஓட்டை: ரேவனில் வினாக்கள் எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசையாகப் போகின்றன. தோல் மின்கடத்தலும் நேரம் போகப் போகத் தானாக நகரும் (எலக்ட்ரோடுக்கு அடியில் ஈரம் ஊறுவது, பழகிப்போவது, சலிப்பது). 30-ஆம் வினாவில் ஏறியது கடினத்தாலா, 35 நிமிடம் உட்கார்ந்ததாலா என்று எந்தப் புள்ளியியலும் பிரித்துத் தராது. வரிசையைக் கலைத்தால் வெளியிடப்பட்ட நெறிமதிப்புகளோடு (மற்றவர்களின் வழக்கமான மதிப்பெண்களோடு) ஒப்பிட முடியாது.

என் பரிந்துரை: ரேவனை வேறொரு நாளில், எந்த ஒயரும் இல்லாமல் தாளில் எழுத வையுங்கள். அது திறன் அளவு. உடல் அளவுக்குத் தனிப் பணி வையுங்கள்: மூன்று கடினநிலைகள், நிலைக்கு நான்கு தொகுதிகள், தொகுதிக்கு 2 நிமிடம், வரிசை ஒவ்வொருவருக்கும் கலைத்து.

---

அளவுமானி:

கருவி பற்றி நான் சொல்றேன். அந்த வெல்க்ரோ சென்சாரை இந்த ஆய்வுக்குப் போடாதீங்க.

காரணம் ரெண்டு. ஒண்ணு, வெறும் உலோகத் தகட்டுல நேர் மின்னோட்டம் போனா வியர்வை உப்போட வினைபுரிஞ்சு தகட்டுலயே ஒரு எதிர் மின்னழுத்தம் உருவாகும். பத்து நிமிஷத்துல அளவு நகர ஆரம்பிக்கும், நீங்க அதை 'பதற்றம் குறைஞ்சது'ன்னு எழுதிடுவீங்க. வெள்ளி–வெள்ளி குளோரைடு எலக்ட்ரோடுதான் வேணும். ரெண்டு, ஆர்டுயினோ ஊனோவோட உள் மாற்றி (மின்னழுத்தத்தை எண்ணா மாத்துறது) 10 பிட், அதாவது 1024 படி. 0-லேர்ந்து 20 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்தலோட அலகு) வரை அதுக்குள்ள அடைச்சா ஒரு படி கிட்டத்தட்ட 0.02. நீங்க தேடுற சின்ன எழுச்சியே 0.05 தான். ரெண்டு மூணு படில அதை எப்படிப் பார்ப்பீங்க? இரைச்சல்ல முழுகிடும்.

மாற்று செலவு அதிகமில்ல. ஒரு ஆப்-ஆம்ப் (மின்பெருக்கிச் சில்லு) வச்சு தோலுக்குக் குறுக்கே நிலையா 0.5 வோல்ட் கொடுங்க, மின்னோட்டத்தை 100 கிலோ ஓம் பின்னூட்ட ரெசிஸ்டர் வழியா வோல்ட்டா மாத்துங்க. 1 மைக்ரோசீமென்ஸுக்கு 0.05 வோல்ட் வரும், 20-க்கு 1 வோல்ட். அதை ஏடிஎஸ்1115 (16 பிட் மாற்றி) மாட்யூல்ல ±2.048 வோல்ட் வீச்சுல படிச்சா ஒரு படி 62.5 மைக்ரோவோல்ட், அதாவது 0.00125 மைக்ரோசீமென்ஸ். நொடிக்கு 20 முதல் 50 மாதிரி எடுத்தா தாராளம்.

ஆளை மாட்டுறதுக்கு முன்னாடி தோலுக்குப் பதிலா 1 மெகா ஓம், 200 கிலோ ஓம், 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. முறையே 1, 5, 10 மைக்ரோசீமென்ஸ் காட்டணும். 1% துல்லிய ரெசிஸ்டரா வாங்குங்க. காட்டலைன்னா அன்னிக்கு யாரையும் உட்கார வைக்காதீங்க. அப்புறம் லேப்டாப்பை பேட்டரில ஓட்டுங்க. ஆள் உடம்புல ஒயர் மாட்டியிருக்கும்போது சார்ஜர் செருகியிருக்கவே கூடாது. இது அளவுக்காக மட்டும் சொல்லல, பாதுகாப்புக்காக.

மாட்டுற முறை: எழுதாத கை, ஆள்காட்டி விரல், நடுவிரல், நடுக்கணுவோட உள்பக்கம். கையை வெறும் தண்ணில கழுவித் துடைக்கச் சொல்லுங்க. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா தோல் காஞ்சு அளவு செத்துடும். ஈசிஜி ஜெல் போடக்கூடாது, அதுல உப்பு அதிகம். வியர்வைக்கு நெருக்கமா 0.5% முதல் 1% வரை சோடியம் குளோரைடு உள்ள பசைதான் சரி. ஒட்டின பிறகு 10 நிமிஷம் சும்மா உட்கார வையுங்க, பசை ஊறணும். கடைசில ஒரு ஆழமான மூச்சு இழுக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு நொடில கோடு எழும்பி இறங்கணும். எழும்பலைன்னா பசையும் ஒட்டும் சரியான்னு பாருங்க. சரியா இருந்தும் எழும்பாத ஆட்கள் சிலர் உண்டு, அவங்களை என்ன பண்ணப்போறீங்கன்னு முன்கூட்டியே எழுதி வச்சுக்கோங்க.

கை உள்ளங்கை மேல பார்த்தபடி தலையணைல கிடக்கணும். இருமல், பேச்சு, பெருமூச்சு எல்லாமே எழுச்சி தரும். பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொண்ணையும் நேரத்தோட குறிக்கணும்.

---

மருதம்:

இருவருக்கும் நன்றி. ரெசிஸ்டர் வைத்துச் சரிபார்க்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு சந்தேகம்: வினா திரையில் வந்தவுடன் எழுச்சியைத் தேட வேண்டுமா, அல்லது தொகுதி முழுவதும் சராசரியா? வாட்ச் தரும் துடிப்பு மாறுபாட்டு எண்ணை அப்படியே எடுக்கலாமா?

---

அளவுமானி:

வினா வந்ததும் 1 முதல் 3 நொடிக்குள்ள எழற எழுச்சி, திரை மாறினதுக்கான கவன எழுச்சி. யோசனை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்குது, அது எப்ப உச்சத்துக்குப் போகும்னு யாருக்கும் தெரியாது. அதனால 2 நிமிஷத் தொகுதில முதல் 10 நொடியைத் தள்ளிட்டு, மீதியில நிமிஷத்துக்கு எத்தனை எழுச்சின்னு எண்ணுங்க. 0.05-க்குக் கீழ உள்ளதை விட்டுடுங்க. ஓய்வுல நிமிஷத்துக்கு 1 முதல் 3 வரும், நல்ல கிளர்ச்சில 20-ஐத் தாண்டும். அடிமட்ட அளவு ஆளுக்கு ஆள் 2-லேர்ந்து 20 மைக்ரோசீமென்ஸ் வரைக்கும் வேறுபடும், அது தோல் தடிமன், சுரப்பி எண்ணிக்கை சம்பந்தப்பட்டது. ரெண்டு பேரோட அடிமட்டத்தை நேரா ஒப்பிடுறதுல அர்த்தமே இல்ல.

---

நாடிக்கோடு:

வாட்சின் எண்ணை எடுக்க வேண்டாம். அது மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தின் அலையைப் பார்க்கிறது. கை அசைந்தால் அலை கெட்டுவிடும், கெட்ட இடத்தைக் கருவி தானாக நிரப்பிவிடும், எங்கே நிரப்பியது என்று உங்களுக்குச் சொல்லாது. துடிப்புக்குத் துடிப்பு இடைவெளிகளை மில்லிநொடியில் கோப்பாகத் தரும் மார்புப் பட்டை, அல்லது ஏடி8232 ஈசிஜி மாட்யூல் போதும். ஈசிஜி என்றால் நொடிக்குக் குறைந்தது 250 மாதிரிகள்.

துடிப்பு மாறுபாட்டுக்கு 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் கூடி வகுத்த நெறிமுறையில் குறுகிய பதிவுக்கு 5 நிமிடம் என்று வைத்தார்கள். உங்கள் 2 நிமிடத் தொகுதியில் ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகளின் வித்தியாசங்களை வர்க்கமாக்கி, சராசரி கண்டு, வர்க்கமூலம் எடுத்த எண்) எடுக்கலாம், ஆனால் ஒரே கடினநிலையின் தொகுதிகளைச் சேர்த்துச் சராசரி காணுங்கள். எல்எப்/எச்எப் விகிதத்தை (துடிப்பு மாறுபாட்டில் மெதுவான அலைகளுக்கும் வேகமான அலைகளுக்கும் உள்ள விகிதம்) தொடவே வேண்டாம். 'பரிவு–எதிர்ப்பரிவு சமநிலை' என்று அதைப் பல ஆய்வேடுகளில் எழுதுகிறார்கள். எல்எப் பட்டையில் இரு நரம்புகளின் பங்கும் கலந்திருப்பதால் அந்த விளக்கம் நிற்காது.

அதிகம் பேர் கோட்டை விடுவது தவறிய துடிப்பில். ஒரு கணக்கு: நிமிடத்துக்கு 75 துடிப்பு, 5 நிமிடத்தில் 375 இடைவெளிகள், ஆர்எம்எஸ்எஸ்டி 30 மில்லிநொடி. நடுவே ஒரே ஒரு முந்திய துடிப்பு விழுகிறது: 800, 800, 500, 1100, 800 என்று இடைவெளிகள். அடுத்தடுத்த வித்தியாசங்கள் 300, 600, 300. வர்க்கங்களின் கூட்டல் 5,40,000. மற்ற எல்லாத் துடிப்புகளின் கூட்டலே 3,37,500 தான். ஆர்எம்எஸ்எஸ்டி 30-லிருந்து 48-க்குத் தாவிவிடும். ஒரு துடிப்பால்! ஆகவே ஒவ்வொருவரின் இடைவெளிக் கோட்டையும் கண்ணால் பாருங்கள், மென்பொருளை நம்பி விடாதீர்கள்.

மூச்சையும் கவனியுங்கள். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்பு வேகமெடுக்கும், வெளிவிடுகையில் மந்தமாகும். இந்த மாறுபாட்டின் பெரும்பகுதி அதுதான். மும்முரமாக யோசிப்பவர் மூச்சை மேலோட்டமாக, வேகமாக விடுவார். அப்போது எண் குறைவது வேகஸ் நரம்பு (இதயத்தை மந்தமாக்கும் எதிர்ப்பரிவு நரம்பு) பின்வாங்கியதாலா, மூச்சு மாறியதாலா என்று தெரியாது. விலாவில் ஒரு மூச்சுப் பட்டை கட்டுங்கள். இல்லாவிட்டால் குறைந்தபட்சம் வாய்விட்டு விடை சொல்லும் பணியைத் தவிருங்கள்.

---

வடகரை:

உடல் அளவுகள் உழைப்பை மட்டுமே காட்டும் என்று கார்த்திகைப்பூ சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். வியர்வை, துடிப்பு, பாவையை இயக்கும் தானியங்கு நரம்பு மண்டலத்துக்கு அது சரி. எதிர்வினை நேரத்துக்குச் சரியில்லை.

இந்தத் தேடல் பழையது. 1884-இல் லண்டன் சுகாதாரக் கண்காட்சியில், மனிதத் திறன்களை அளக்க முயன்ற பிரான்சிஸ் கால்டன் மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களின் எதிர்வினை நேரம், பிடிவலிமை, பார்வைக் கூர்மை எல்லாம் அளந்தார். 1901-இல் விஸ்லர் கொலம்பியா மாணவர்களிடம் எதிர்வினை நேரத்தையும் கல்லூரி மதிப்பெண்ணையும் ஒப்பிட்டார். ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து மாறும் அளவு) பூஜ்யத்தை ஒட்டி வந்தது. அத்தோடு பல பத்தாண்டுகள் இந்தக் கதவு சாத்தப்பட்டது. ஆனால் அவர் ஆளுக்கு ஒருசில தடவைகளே அளந்தார், எல்லோரும் ஏற்கெனவே தேர்வாகி வந்த மாணவர்கள். அளவு நடுங்கினாலும் ஆட்கள் ஒரே மாதிரி இருந்தாலும் ஒட்டுறவு சுருங்கிப்போகும். 2001-இல் டியரி, டெர், ஃபோர்டு மூவரும் மேற்கு ஸ்காட்லாந்தில் 56 வயதை ஒட்டிய 900 பேரை, பொது மக்களிலிருந்தே எடுத்து அளந்தார்கள். நுண்ணறிவு மதிப்பெண்ணோடு ஒட்டுறவு ஒரே பொத்தான் எதிர்வினைக்கு −0.31, நான்கில் ஒன்றைத் தேர்வதற்கு −0.49; அதாவது நேரம் குறைந்தவர்களுக்கு மதிப்பெண் கூடுதல். அது சின்ன எண் அல்ல.

இதை 'நரம்பு வேகமாகக் கடத்துபவர் அறிவாளி' என்று படிக்கக் கூடாது. கையின் நரம்பில் வேகம் நொடிக்கு 50 முதல் 60 மீட்டர். ஒரு மீட்டர் தூரத்துக்கு 20 மில்லிநொடி அல்லது 16.7 மில்லிநொடி, வித்தியாசம் 3 மில்லிநொடிதான். தேர்வு எதிர்வினையில் ஆளுக்கு ஆள் 100 மில்லிநொடிக்கு மேலேயே வேறுபடுகிறது. வித்தியாசம் பிறப்பது மூளைக்குள், எது என்று முடிவு செய்யும் கட்டத்தில். கை நரம்பின் வேகத்தையும் நுண்ணறிவையும் ஒப்பிட்ட ஆய்வுகள் 1990-களில் வந்தன. ஒன்றில் ஒட்டுறவு தெரிந்தது, திரும்பச் செய்தபோது தெரியவில்லை. கை ஒரு டிகிரி குளிர்ந்தாலே கடத்தும் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவுக்குக் குறையும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மருதம் கவனிக்க வேண்டியது விஸ்லரின் குறை. உங்கள் 40 பேரும் ஒரே கல்லூரி என்றால் அதே பொறி. 40 பேரில் 0.31-க்குக் கீழான ஒட்டுறவு புள்ளியியலில் பிடிபடாது. 0.3 அளவிலான உறவை 80% உறுதியோடு பிடிக்க 85 பேர் வேண்டும். ஆளுக்கு ஆள் ஒப்பீட்டை விட்டு, ஆளுக்குள் ஒப்பீட்டை முதன்மைக் கேள்வியாக்கினால் 40 பேர் போதும்.

---

கார்த்திகைப்பூ:

எதிர்வினை நேரம் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். நான் வியர்வை, பாவை, துடிப்பு மூன்றையும் மனதில் வைத்துத்தான் சொன்னேன்.

மூன்றாவது கேள்வி பாக்கி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது; ஒரு மாணவரை 'திறன் குறைவு' என்று முத்திரை குத்துவதில் போய் முடியக்கூடிய இடம் அது.

ரேவனில் ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதை மனதில் வைத்துக்கொண்டே இரண்டாம் விதியைத் தேட வேண்டும். இந்தத் தாங்கிப் பிடிக்கும் வேலை மூளையின் முன்நெற்றிப் புறணியுடையது. கிளர்ச்சியின்போது மூளையில் சுரக்கும் நோர்அட்ரினலின் மிதமாக இருக்கும்போது அங்குள்ள ஆல்ஃபா-2ஏ ஏற்பிகளில் பற்றி அந்த வலைப்பின்னலை வலுப்படுத்துகிறது. மிகுந்துவிட்டால் பற்றுதல் குறைந்த ஆல்ஃபா-1 ஏற்பிகளிலும் ஒட்டி அதையே தளர்த்துகிறது. நரம்பியல் ஆய்வாளர் ஏமி ஆர்ன்ஸ்டென் பல்லாண்டுகள் விலங்குகளில் ஆய்ந்து காட்டியது இது. ஆக, ஒரே மாணவர் அதே அறிவோடு, பதற்றத்தில் இரண்டாம் விதிக்குப் போவதற்குள் முதல் விதியை நழுவ விடுவார். பழகிப்போன எளிய வேலை அவ்வளவு கெடாது. 1908-இல் யெர்க்ஸும் டாட்சனும் எலிகளில் கண்டதும் இந்த வடிவம்தான்: வேறுபாடு தெளிவாகத் தெரியும் பெட்டிகளில் மின்னதிர்ச்சி கூடக் கூட விரைவாகக் கற்றன, நுட்பமான வேறுபாட்டில் நடுத்தர அதிர்ச்சியே சிறந்தது.

கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் இன்னும் மெதுவானது. பதற்றம் தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் எச்சிலில் உச்சம் தொடும். டி குவெர்வாங் குழு 2000-இல் 25 மில்லிகிராம் கார்ட்டிசோன் கொடுத்தபோது முந்தைய நாள் கற்ற சொற்களை நினைவுகூர்வது குறைந்தது. 40 நிமிடச் சோதனையில் முதல் பாதியில் அட்ரினலினும் பிற்பாதியில் கார்ட்டிசாலும் சேர்ந்து வேலை செய்யும் என்பதைக் கணக்கில் கொள்ளுங்கள்.

பிரித்தறியச் செய்யக்கூடியவை: ரேவன் முதல் தொகுப்பின் 12 வினாக்களைப் பயிற்சியாகக் கொடுங்கள். 'நுண்ணறிவுச் சோதனை' என்ற சொல்லை அறிவுறுத்தலில் வைக்காதீர்கள். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் 20 கூற்றுகள் கொண்ட ஸ்பீல்பெர்கர் நிலைப்பதற்றப் படிவம். முடிந்தால் இணை வினாக்களை இன்னொரு நாள் நேரக் கட்டுப்பாடில்லாமல் கொடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். பதற்றத்தால் குறைந்தவரின் மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக ஏற வேண்டும். வியர்வை எழுச்சியை மட்டும் வைத்து இந்தத் தீர்ப்பைச் சொல்லவே கூடாது. 2010-இல் ஜேமிசன் குழு, பட்ட மேற்படிப்பு நுழைவுத் தேர்வான ஜிஆர்இக்குத் தயாராகும் மாணவர்களில் ஒரு பகுதியினரிடம் 'உடல் கிளர்ச்சி தேர்வுக்கு உதவக்கூடும்' என்று சொல்லிவிட்டு மாதிரித் தேர்வு வைத்தது. அவர்களுக்குக் கணக்கு மதிப்பெண் கூடியது. எச்சிலில் அளந்த பரிவுக் கிளர்ச்சியும் குறையவில்லை, கூடியது. கிளர்ச்சி மிகுந்தது என்பதாலேயே சிந்தனை கெட்டது என்று ஆகாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெஷாரா, டமாசியோ குழு 1990-களில் வைத்த சீட்டு விளையாட்டில், 100 டாலர் தரும் இரண்டு கட்டுகள் பத்துச் சீட்டுக்கு 250 டாலர் நட்டம், 50 தரும் இரண்டு கட்டுகள் 250 லாபம். நலமானவர்களுக்கு நட்டக் கட்டில் கை வைக்கும் முன்பே விரல் வியர்க்கத் தொடங்கியது. நெற்றி மடலின் அடி நடுப்பகுதி சிதைந்த நோயாளிகளுக்கு வியர்க்கவில்லை, நட்டக் கட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் நுண்ணறிவு மதிப்பெண்ணோ இயல்பாக இருந்தது! வியர்வை அறிவுக்கு முந்தியது என்ற விளக்கத்தை 2004-இல் மாயாவும் மெக்லெலண்டும் கேள்விக்குள்ளாக்கினார்கள்: நுணுக்கமாகக் கேட்டால் எந்தக் கட்டு நல்லது என்று ஆட்டக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அது எப்படியோ, ரேவன் போன்ற பகுத்தாய்வும் விரல் வியர்வையும் தனித்தனியே பழுதாகக்கூடியவை என்பது அந்த நோயாளிகளிடம் தெளிவாகத் தெரிகிறது.

---

மருதம்:

திட்டத்தை மாற்றிவிட்டேன். ரேவன் தனி நாளில், தாளில். உடல் அளவு நாளில் மனக்கூட்டல் மூன்று நிலைகள், கலைத்த வரிசை, பொத்தானில் விடை. முதன்மைக் கேள்வி: ஒரே ஆளுக்குள் கடினம் கூடும்போது எழுச்சி எண்ணிக்கை கூடுகிறதா, எந்த இடத்தில் கூடுவது நின்று இறங்குகிறது? ரேவன் மதிப்பெண்ணோடு அந்தத் திரும்பும் புள்ளியை ஒப்பிடுவது துணைக் கேள்வி மட்டும், 40 பேருக்குரிய எச்சரிக்கையோடு.

---

கார்த்திகைப்பூ:

நல்ல மாற்றம். கடினநிலையை எல்லோருக்கும் ஒரே எண்ணாக வைக்காதீர்கள். ஒருவருக்கு ஈரிலக்கக் கூட்டலே மூச்சுமுட்டும், இன்னொருவருக்கு விளையாட்டு. முன்னோட்டமாக 30 கணக்குகள் கொடுத்து, அவரவர் 90%, 70%, 50% சரியாகச் செய்யும் நிலைகளைக் கண்டுபிடித்து அவற்றையே அவருக்கு மூன்று நிலைகளாக வையுங்கள். 30 போதாமல் நிலை தடுமாறினால் 50 கொடுங்கள். நான்காவதாக 20% மட்டுமே சரியாக வரும் நிலை ஒன்றும் சேருங்கள். கைவிடும் இடம் அங்கேதான் தெரியும்.

---

அளவுமானி:

அறையை 23, 24 டிகிரில வையுங்க. வெயில் நேரத்துல வெளிய இருந்து வந்தவங்களை உடனே உட்கார வச்சா வெப்பத்துக்கான வியர்வை மேல உங்க எழுச்சி தெரியாது. 20 நிமிஷம் குளிரட்டும். மின்விசிறிக் காத்து நேரா கைல படக்கூடாது. ஒவ்வொருத்தருக்கும் விரல் வெப்பநிலையை ஆரம்பத்துலயும் முடிவுலயும் குறிச்சு வையுங்க, காபி எத்தனை மணிக்குக் குடிச்சாங்கன்றதையும்.